ஷீட் போட்ட குட்டையில் தூண்டில் போடலாமா?

குட்டைக் கரை: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: "எங்கள் தோட்டத்தில் 30 மீட்டருக்கு 30 மீட்டர், 3 மீட்டர் ஆழத்தில் பண்ணைக்குட்டை வெட்டி 500 மைக்ரான் ஷீட் விரித்திருக்கிறோம். போன ஆடியில் கட்லா, ரோகு, மிர்கால், சாதாக் கெண்டை எல்லாம் சேர்த்து 600 குஞ்சு விட்டோம். இப்போது ஒவ்வொன்றும் அரைக் கிலோ இருக்கும். வாரம் 5 கிலோ பிடித்தால் வீட்டுக்கும் பக்கத்துத் தோட்டங்களுக்கும் சரியாகப் போகும். அந்த அளவுக்கு வலைக்காரர் யாரும் வரமாட்டேன் என்கிறார்கள். தூண்டிலில் பிடிக்கலாமா? முள் ஷீட்டைக் கிழித்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். தென்னைக்குத் தண்ணீர் எடுப்பதால் வைகாசிக்குள் குட்டை பாதியாக இறங்கிவிடும். அதற்குள் தூண்டிலிலேயே மீனைக் குறைத்துவிட முடியுமா?"
- சுல்தான்பேட்டை பகுதி வாசகர்

பதில்: தூண்டிலில் பிடிக்கலாம். தூண்டிலிலேயே மீனைக் குறைத்துவிட முடியாது. இந்த இரண்டாவதை முதலில் பார்த்துவிடுவோம். பணம் கைவிட்டுப் போவது அங்கேதான்.

விட்டதில் 80 சதவீதம் பிழைத்ததாக வைத்துக்கொண்டால் குட்டையில் 480 மீன். அரைக் கிலோ வீதம் 240 கிலோ. உடல் எடையில் 2 சதவீதம் என்ற கணக்கில் தினமும் 5 கிலோ தவிடும் புண்ணாக்கும் போடுவீர்கள். வாரத்துக்கு 35 கிலோ ஆகிறது. இந்தத் தீனியில் மூன்று, நான்கு கிலோவுக்கு ஒரு கிலோ சதை ஏறும் என்று தோராயமாகச் சொல்லலாம். ஆக வாரத்துக்குப் பத்துக் கிலோவை ஒட்டிக் குட்டையில் எடை கூடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் எடுக்கப்போவது 5 கிலோ. தலை எண்ணிக்கை குறையும், மொத்த எடை குறையாது. தண்ணீருக்குப் பாரம் எடைதான், எண்ணிக்கை அல்ல.

தண்ணீர்க் கணக்கையும் போட்டுப் பாருங்கள். கரைச் சரிவை ஒன்றுக்கு ஒன்றரை என்று வெட்டியிருந்தால், 3 மீட்டர் நிரம்பிய உங்கள் குட்டையில் ஏறக்குறைய 20 லட்சம் லிட்டர் நிற்கும். ஆழம் ஒன்றரை மீட்டருக்கு இறங்கினால் பாதியாவது இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிறோம். அடி குறுகலாக இருப்பதால் அப்போது மிஞ்சுவது 8 லட்சம்தான். இன்றைக்கு 20 லட்சம் லிட்டரில் நீந்தும் 240 கிலோ மீன், வைகாசியில் 300 கிலோவுக்கு மேல் ஆகி 8 லட்சத்தில் நிற்கும். அதுவும் கோடையில். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்து நிற்கும் ஆக்சிஜன் குறையும். ஒரு மேகமூட்டமான நாளுக்கு அடுத்த விடியற்காலையில் மீன் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கும். அன்று கரண்ட் இல்லாமல் போர் ஓடவில்லை என்றால் பத்து மாத உழைப்பு வெள்ளை வயிறு காட்டி மிதக்கும்.

அதனால் இப்போதே ஒரு கழியில் 2 மீட்டருக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து, கீழே கல் வைத்துக் கட்டிக் குட்டைக்குள் நிறுத்துங்கள். கூர்முனையை ஷீட்டின் மேல் ஊன்ற வேண்டாம். தண்ணீர் அந்தக் குறிக்கு வந்ததும் வலை இறங்க வேண்டும். அந்த மட்டத்தில் 11 லட்சம் லிட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். இழுவலை போட வசதியான ஆழமும் அதுதான். ஒரு தோட்டத்துக்கு வராத வலைக்காரர், அக்கம்பக்கத்தில் மூன்று நான்கு குட்டைகளை ஒரே நாளில் சேர்த்துச் சொன்னால் வருவார். உங்கள் சுற்றுவட்டாரத்தில் குட்டை வெட்டாத தோட்டம் குறைவு. பேசி நாள் குறித்துக்கொள்ளுங்கள். தூண்டில் அதுவரைக்கும் வாரக் குழம்புக்கு.

இனி தூண்டிலுக்கு வருவோம்.

ஷீட் கிழியும் என்று சொன்னவர் சும்மா பயமுறுத்தவில்லை. 500 மைக்ரான் என்பது அரை மில்லிமீட்டர். ஈயக்குண்டோடு முள்ளை அடியில் போட்டுக் காத்திருக்கிற தூண்டில் ஆற்றுக்கும் அணைக்கும் சரி, ஷீட்டுக்கு ஆகாது. மீன் கடித்ததாக நினைத்து ஒரு வெட்டு வெட்டினால் முள் ஷீட்டில் ஏறும். உங்களுக்குத் தக்கைத் தூண்டில்தான். முள் அடியிலிருந்து அரை அடி மேலேயே தொங்க வேண்டும். ஒரு நூலில் இரும்பு நட்டு ஒன்றைக் கட்டி, தூண்டில் விழும் இடத்தில் மெதுவாக இறக்கி ஆழம் பாருங்கள். அதில் அரை அடி கழித்துத் தக்கையை ஏற்றிக் கட்டுங்கள். சரிவான கரை என்பதால் ஒரு முழம் தள்ளிப் போட்டாலும் ஆழம் மாறும். தினமும் ஒரே இடத்தில் போடுவது இதற்காகவும்தான். தண்ணீர் இறங்க இறங்க வாரம் ஒருமுறை மறுபடி அளந்துகொள்ளுங்கள்.

அப்படியும் முள் எங்காவது மாட்டினால் இழுக்காதீர்கள். நரம்பைத் தளர்த்திவிட்டு எதிர்ப்பக்கமாக நடந்துபோய் அங்கிருந்து மெல்லச் சுண்டினால் பெரும்பாலும் வந்த வழியே கழன்றுவிடும். வராவிட்டால் நரம்பை அறுத்து விடுங்கள். குட்டை வற்றும்போது எடுத்துக்கொள்ளலாம்.

கழிக்கு 12 அடி மூங்கில் போதும். அரைக் கிலோ, ஒரு கிலோ மீனுக்கு ராடும் ரீலும் வாங்குவது ஆசைக்கு வேண்டுமானால் சரி, தேவைக்கு அல்ல. நரம்பு, அதாவது நம் கடைகளில் தங்கூசி என்று கேட்டால் தருவது, 0.30 மி.மீ. கனம் இருக்கட்டும். முள் 8-ஆம் நம்பர். முள்ளில் நம்பர் கூடக்கூட அளவு சிறியது என்பதை நினைவில் வைத்துக் கேளுங்கள். வாங்கியதும் முனைக்குப் பின்னால் இருக்கும் எதிர்முள்ளைக் குறடால் அழுத்தி மட்டமாக்கிவிடுங்கள். மீன் நழுவிவிடுமே என்பீர்கள். நரம்பைத் தளரவிடாமல் இழுத்தால் நழுவாது. கால் கிலோ மீன் மாட்டினால் காயமில்லாமல் கழற்றி விடலாம். உங்கள் விரலில் ஏறினாலும் டாக்டரிடம் போகாமல் கழற்றலாம். ஷீட்டில் பட்டாலும் கிழிசல் பெரிதாகாது.

தக்கை எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது. தோட்டத்தில் உதிர்ந்து கிடக்கும் மயிலிறகின் தண்டில் ஒரு சாண் நறுக்கினால் போதும். காய்ந்த சோளத்தட்டின் நெட்டியும் ஆகும். ரப்பர் செருப்பை வெட்டிச் செய்யும் பெரிய தக்கை கெண்டைக்கு உதவாது. காரணம், அது தின்னும் விதம். கெண்டை இனத்துக்கு வாயில் பல் கிடையாது. பல் தொண்டைக்குள் இருக்கிறது. இரையை உறிஞ்சும், ருசி பார்க்கும், பிடிக்காவிட்டால் உடனே துப்பும். உறிஞ்சும்போது பெரிய தக்கை பின்னுக்கு இழுத்தால் அது சந்தேகப்பட்டுத் துப்பிவிட்டுப் போய்விடும். தக்கை குதிக்கும்போது வெட்டாதீர்கள். அது குட்டி மீன் கொத்துவது. தக்கை சாய்ந்து ஒரு பக்கமாக நகரும்போது கழியை மேலே தூக்கினால் போதும்.

இந்த உறிஞ்சித் துப்பும் பழக்கத்தை வைத்துத்தான் இங்கிலாந்தில் 1980-ஐ ஒட்டி ஒரு முறையைக் கண்டுபிடித்தார்கள். இரையை முள்ளில் குத்தாமல், முள்ளிலிருந்து தொங்கும் மெல்லிய இழையில் கோப்பார்கள். மீன் இரையை உறிஞ்சும்போது வெறும் முள் பின்னாலேயே போய் உதட்டில் மாட்டிக்கொள்ளும். அந்த ஊரில் கெண்டையைப் பிடித்து, எடை போட்டு, படம் எடுத்துவிட்டுத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவார்கள். தின்பதற்கு அல்ல. அவர்கள் இரை என்று விற்பது மாவு, முட்டை, வாசனை எல்லாம் சேர்த்துப் பிசைந்து உருட்டி வெந்நீரில் வேகவைத்த உருண்டை. நம் வீட்டில் அதற்குப் பெயர் கொழுக்கட்டை.

இரைக்கு நீங்கள் கடைக்கே போக வேண்டாம். நான்கு மீனும் மூன்று மட்டத்தில் மேய்கின்றன. கட்லாவுக்கு, சிலர் தோப்பா என்பார்கள், வாய் பெரிது, மேல்நோக்கியது. மேல்மட்டத்தில் இருக்கும். இரண்டு மூன்று அடி ஆழத்துக்குத் தக்கையை இறக்கி, பொடித்த கடலைப் புண்ணாக்கும் தவிடும் சரிபாதியாக, பிடிப்புக்குக் கொஞ்சம் மைதா சேர்த்து, தண்ணீரில் லேசாக உதிரும் பதத்தில் பிசைந்து போடுங்கள். ரோகு நடுமட்டத்தில். வாய் சிறியது, உதடு விளிம்பில் குஞ்சம் வைத்த மாதிரி இருக்கும். பட்டாணி அளவு கோதுமை மாவு உருண்டை போதும். மிர்காலும் சாதாக் கெண்டையும் அடிமேய்ச்சல்காரர்கள். மண்புழு, ராகிக் களி, வேகவைத்த மக்காச்சோளம். இவற்றில் எனக்குப் பிடித்தது மக்காச்சோளம். ஒரு நாள் ஊறவைத்து, நகத்தால் அழுத்தினால் பிளக்கும் வரை வேகவைத்து, ஒன்றோ இரண்டோ முள்ளில் கோத்தால் பொடி மீன்கள் கொத்தித் தீர்க்க முடியாது. பெரிய சாதாக் கெண்டை காத்திருந்து எடுக்கும். கோழித் தீவனத்துக்கென்று ஊரெல்லாம் விளைகிற மக்காச்சோளத்தைக் காசு கொடுத்து வாங்கும் நிலை உங்கள் பக்கத்தில் இருக்காது. பெருங்காயம் கலந்தால்தான் கடிக்கும் என்பவர்கள் உண்டு. கலந்தாலும் கடிக்கிறது, கலக்காவிட்டாலும் கடிக்கிறது.

புல் கெண்டை விட்டிருப்பவர்களுக்கு: அது இலைக்கும் கோ-4 புல் துணுக்குக்கும் வரும். வெள்ளிக் கெண்டை பச்சைத் தண்ணீரை வடிகட்டித் தின்பது. அதற்குத் தூண்டில் போடுவது வீண்.

ஆனால் இரை எதுவானாலும், மீன் அங்கே வந்தால்தானே. குட்டை மீனை வரவழைப்பது முள்ளில் குத்திய இரை அல்ல, தினத்தீனி. பலர் ஒரு நாள் காலையில், மறுநாள் சாயங்காலம், கை போன பக்கம் வீசுகிறார்கள். ஓரே இடம், ஒரே நேரம் என்று இருபது நாள் போட்டுப் பாருங்கள். நீங்கள் சட்டியோடு வரும் சத்தத்துக்கே தண்ணீர் கலங்கும். தவிடு, புண்ணாக்கை ஓட்டை போட்ட உரச்சாக்கில் கட்டித் தொங்கவிடுவது இன்னும் நல்லது. ஆந்திராவில் கொல்லேறு பக்கம் பெரிய பெரிய குளங்களிலேயே அப்படித்தான் தீனி வைக்கிறார்கள். வீணாவது குறையும், மீன் சாக்கைச் சுற்றி நிற்கும். தூண்டிலைச் சாக்கிலிருந்து இரண்டடி தள்ளி இறக்குங்கள், சிக்கிக்கொள்ளாது.

தூண்டில் போடும் நாளில் தீனியில் கால் பங்கை மட்டும் முதலில் வையுங்கள். மீனைப் பிடித்து முடித்ததும் மிச்சத்தை வையுங்கள். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். கெண்டைக்கு நினைவு உண்டு. நெதர்லாந்தில் 1970-ஐ ஒட்டிக் குட்டைகளில் செய்த ஆராய்ச்சியில், ஒருமுறை முள்ளில் மாட்டிய கெண்டை அதற்குப் பிறகு நெடுநாள் தூண்டிலுக்குச் சிக்காமல் தவிர்த்தது தெரியவந்தது. தினமும் தீனி இடத்தில் முள்ளைப் போட்டால், தூண்டிலுக்கும் வராது, கொஞ்ச நாளில் தீனிக்கும் தயங்கி வரும். ஒரு வேளைக்கு ஐந்தாறு மீன் மாட்டியதும் கழியைச் சுருட்டி வைத்துவிடுங்கள்.

கரையில் நடப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. கெண்டை இனத்துக்குக் காது கூர்மை. உடம்புக்குள் இருக்கும் காற்றுப்பையும் உள்காதும் சின்னச் சின்ன எலும்புகளால் இணைந்திருக்கின்றன. பேச்சுச் சத்தத்தைவிட, கரையில் செருப்புக் காலோடு தொம்தொம்மென்று நடப்பதுதான் தண்ணீருக்குள் போகும். தினமும் ஓடுகிற மோட்டாருக்கு அது பழகிவிடுகிறது. போர்த் தண்ணீர் விழும் குழாயடியில் கூட்டமாகவே நிற்கும். புதுச் சத்தம்தான் விரட்டும். நிழலும் அப்படித்தான். காலையில் மேற்குக் கரையிலும் சாயங்காலம் கிழக்குக் கரையிலும் உட்கார்ந்தால் உங்கள் நிழல் தண்ணீரில் விழாது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது மிதக்கிற தீனி, பூச்சி எல்லாம் கிழக்குக் கரையில் போய் ஒதுங்கும், மீனும் அங்கேதான். அந்த மாதங்களில் தீனி இடத்தையும் கிழக்குக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

விடிகாலையில் மீன் மேலே வந்து வாய் பிளந்து நிற்பதைப் பார்த்து, இன்றைக்கு நல்ல வேட்டை என்று தூண்டிலை எடுக்காதீர்கள். அது பசி அல்ல, மூச்சுத் திணறல். தீனியும் கூடாது. போரைத் திறந்து தண்ணீரை உயரத்திலிருந்து விழவிடுங்கள். தூண்டிலுக்கு வெயில் ஏறிய பின் ஏழு, எட்டு மணி சரியான நேரம். சாயங்காலம் என்றால் நாலரைக்கு மேல்.

கேள்வி: "சனி, ஞாயிறானால் பக்கத்து ஊர்ப் பையன்கள் நாலைந்து பேர் எங்கள் குட்டையில் தூண்டில் போட வந்துவிடுகிறார்கள். மீன் போவதுகூடப் பரவாயில்லை. போன வாரம் ஒரு பையன் வழுக்கி உள்ளே இறங்கிவிட்டான். மற்ற பையன்கள் துண்டை வீசி இழுத்துவிட்டார்கள். வீட்டில் நானும் மாமியாரும் மட்டும்தான் பகலில் இருக்கிறோம். விரட்டினால் நாங்கள் இல்லாதபோது வருகிறார்கள். என்ன செய்வது?"
- அன்னூர் பகுதி வாசகி

பதில்: அம்மா, நீங்கள் பயப்படுவது சரி. ஷீட் போட்ட குட்டை கிணற்றைவிட மோசமானது. கிணற்றில் படி இருக்கும், கல் இடுக்கு இருக்கும். ஷீட்டில் பாசி படிந்துவிட்டால் நீச்சல் தெரிந்த பெரிய ஆளே ஏற முடியாது. ஏற முயன்று முயன்று கை சோர்ந்துதான் மூழ்குவார்கள். வெளியே பார்த்தால் சரிவுதானே, நடந்து ஏறிவிடலாம் என்று தோன்றும்.

விரட்டுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். இன்றே செய்ய முடிகிற வேலை. நான்கு கரையிலும் கரைக்கு ஒன்றாகக் கட்டை விரல் கனத்தில் நைலான் கயிறு, ஒரு அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, மேலே கல்தூணிலோ ஆழமாக அடித்த முளையிலோ கட்டி, மறுமுனை தண்ணீருக்குள் அடிவரை போகும்படி விடுங்கள். தண்ணீர் இறங்கினாலும் கயிறு எட்ட வேண்டும். அதற்காகத்தான் அடிவரை. தீனி போடும் இடத்தில் பழைய டயர்களைக் கயிற்றில் கோத்து ஏணி மாதிரி தொங்கவிடலாம். மூடி இறுக்கிய 20 லிட்டர் காலிக் கேன் ஒன்றில் நீளக் கயிறு கட்டிக் கரையில் எப்போதும் மாட்டி வையுங்கள். அதை வேறு வேலைக்கு எடுக்கக் கூடாது. கம்பி வேலியும் பூட்டுப் போட்ட படலும் அடுத்த செலவு. கையில் காசு இல்லை என்று கயிற்றைத் தள்ளிப் போடாதீர்கள்.

யாராவது விழுந்துவிட்டால் பின்னால் குதிக்கக் கூடாது. ஒருவரைக் காப்பாற்றக் குதித்து இரண்டு பேர் போவது இப்படித்தான். கேனை வீசுங்கள், கரையில் படுத்துக்கொண்டு மூங்கிலை நீட்டுங்கள். வெளியே எடுத்த பிறகு வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும், தலைகீழாகத் தூக்குவதும் வேண்டாம். மூச்சு இல்லை என்றால் வாயோடு வாய் வைத்து ஊதி, நடுமார்பை அழுத்தும் முதலுதவியை உடனே தொடங்க வேண்டும். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். இந்த முதலுதவியை வீட்டில் ஒருவராவது ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

பையன்கள் விஷயத்துக்கு வருவோம். விரட்டினால் மறைவாக வருவார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மறைவாக வருவதுதான் ஆபத்து. அவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் நீங்களும் மாமியாருமாக நேரில் போய்ச் சொல்லிவிட்டு, ஞாயிறு காலை எட்டிலிருந்து பத்து வரை, பெரியவர் ஒருவர் கூட வந்தால் மட்டும் போடலாம் என்று ஒரு கட்டு வைத்துப் பாருங்கள். தீனி போடும் கரையில் மட்டும், டயர் ஏணிக்குப் பக்கத்தில் மட்டும், உட்கார்ந்துகொண்டு மட்டும். மேல் கரையில் உட்கார்ந்து நீளக் கழியில் பிடிக்கட்டும். மாட்டிய மீனை எடுக்கச் சரிவில் இறங்குவதுதான் வழுக்கும் நேரம். அதற்கு ஆறடி மூங்கிலில் கட்டிய கைவலை ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். ஆளுக்கு ஒரு மீன் கொண்டுபோகட்டும். வாரத்துக்கு இரண்டு கிலோ போனால் போகிறது. பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேலி முடியும்வரை தூண்டிலே கிடையாது என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பேச்சு உங்களிடமிருந்து வருவதைவிட ஊர்ப் பெரியவர் வாயிலிருந்து வந்தால் எடுபடும்.

பையன்களிடம் இன்னும் இரண்டு கண்டிப்பு. தோட்டத்துக்கு மேலே கரண்ட் கம்பி போகிறதா பாருங்கள். கடையில் விற்கும் கறுப்பு நிறக் கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். ஈர மூங்கிலும் கடத்தும். கம்பிக்கு அடியில் கழி தூக்கக் கூடாது. மோட்டார் ரூமிலிருந்து ஒயர் இழுத்துத் தண்ணீரில் விட்டு மீன் பிடிக்கும் விளையாட்டு வேறு சில ஊர்களில் நடக்கிறது. மீனோடு ஆளும் போன கதைகள் உண்டு. அதை நினைக்கவே விடாதீர்கள். தோட்டா போடுவதும் விஷம் கலப்பதும் 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்திலேயே குற்றம்.

அறுந்த நரம்பைக் கரையில் போட்டுவிட்டுப் போகக் கூடாது. நம் பக்கத்தில் மயில் எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. காலில் சுற்றிக்கொண்டால் அதற்குக் கழற்றத் தெரியாது, நடக்க நடக்க இறுகும். கன்றுக்குட்டி புல்லோடு சேர்த்து விழுங்கினாலும் வம்புதான். ஒரு டப்பா வைத்து அதில் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: "கோவைக் குளங்களில் தூண்டில் போட்டுப் பிடிக்கும் சின்னக் கெண்டைகளை உயிரோடு கொண்டுவந்து எங்கள் சூலூர்த் தோட்டத்துக் குட்டையில் விட்டு வளர்க்கலாமா? குஞ்சு வாங்கும் செலவு மிச்சமாகுமே."
- ஒண்டிப்புதூர் வாசகர்

பதில்: வேண்டாம். உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர் என்று நொய்யலை நம்பிய குளங்களில் ஊர்ச் சாக்கடை கலப்பது உங்களுக்கே தெரியும். அங்கே நீங்கள் கெண்டை என்று வாளியில் போடுவதில் ஜிலேபிக் குட்டியும் கலந்து வரும். 1952-இல் இந்தியாவுக்கு வந்த மீன் அது. இரண்டு மூன்று மாதத்தில் முட்டைக்குத் தயாராகி, முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வைத்துக் காப்பாற்றும். நான்கு ஜோடி உள்ளே போனால் அடுத்த வருடம் உங்கள் புண்ணாக்கைத் தின்பது கட்லா அல்ல. வளர்க்கத் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி ஒன்றிரண்டு வந்துவிட்டால் குஞ்சே மிஞ்சாது. மீன் பேன், நங்கூரப் புழு போன்ற ஒட்டுண்ணிகளும் கூடவே வரும். மிச்சம் பிடிக்கப் பார்ப்பது குஞ்சு விலையை, கொடுக்கப்போவது ஒரு வருட மகசூலை.

இன்னொன்று, அந்தக் குளங்களில் மீன்பாசி உரிமை மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கோ குத்தகைதாரருக்கோ இருக்கும். அவர்கள் குஞ்சு விட்டு வளர்க்கும் மீன் அது. கேட்காமல் தூண்டில் போடுவது அடுத்தவர் தோப்பில் தேங்காய் பறிப்பது போலத்தான். ஆழியாறு, அமராவதி, திருமூர்த்தி, பவானிசாகர் அணைகளில் மீன்பிடிப்பு தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகத்தின் கையில் வந்தது. அங்கேயும் அனுமதி கேட்டுத்தான் இறங்க வேண்டும்.

குஞ்சை மீன்வளத்துறைப் பண்ணையிலோ பதிவு பெற்ற பண்ணையிலோ வாங்குங்கள். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் தேங்கிய குட்டையில் முட்டையிடாது, ஓடுகிற வெள்ளம் வேண்டும். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி ஊசி போட்டு முட்டையிட வைத்த பிறகுதான் பண்ணைக் குஞ்சு என்பதே நமக்குக் கிடைத்தது. அந்த நாளைத்தான் தேசிய மீன் விவசாயிகள் நாளாக வைத்திருக்கிறார்கள். சாதாக் கெண்டை மட்டும் விதிவிலக்கு, குட்டையிலேயே பாசியில் முட்டை ஒட்டும். அதுவும் வெளியூர்க்காரர்தான். 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு ஒரு வகை வந்தது. குளிர்ந்த தண்ணீரோடு நின்றுவிட்டது. சமவெளிக்கு ஒத்துவந்த வகை 1957-இல் பாங்காக்கிலிருந்து வந்தது. உங்கள் குட்டையில் அடியைக் கிளறிக்கொண்டிருப்பது பெரும்பாலும் அதன் வாரிசுகள்.

கேள்வி: "எங்கள் குட்டை மீன் குழம்பில் சேற்று வாடை அடிக்கிறது. தூண்டிலில் பிடித்தாலும் அப்படித்தான். போக்க வழி உண்டா?"
- பொங்கலூர் வாசகி

பதில்: அது சேறு அல்ல, நீலப்பச்சைப் பாசியும் சில நுண்ணுயிரிகளும் விடும் ஒரு பொருள் மீனின் கொழுப்பில் ஏறுவதால் வரும் வாடை. புளியும் மஞ்சளும் கொஞ்சம் மறைக்கும், போக்காது. தூண்டிலில் பிடிப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. மீன் உயிரோடு, அடிபடாமல் வரும். நனைத்த கையால் முள்ளைக் கழற்றி, மாடு தண்ணீர் குடிக்காத ஒரு சிமென்ட் தொட்டியில் சுத்தமான போர்த் தண்ணீர் ஓடவிட்டு, தீனி எதுவும் போடாமல் இரண்டு மூன்று நாள் வைத்திருங்கள். தொட்டிக்கு மேல் வலை கட்ட மறக்காதீர்கள், கெண்டை துள்ளும். வியாழக்கிழமை பிடித்ததை ஞாயிற்றுக்கிழமை அறுத்தால் வாடை நன்றாகக் குறைந்திருக்கும். பக்கத்துத் தோட்டத்தில் மருந்து அடித்த வாரத்தில் மட்டும் பிடிக்கவே வேண்டாம். ஸ்பிரேயரைக் குட்டைக் கரையில் கழுவும் வழக்கம் இருந்தால் அதையும் நிறுத்திவிடுங்கள்.